மூங்கில் நட்சத்திரமும் பாட்டில்மூடிச் சலங்கையும்

செப்டம்பர் பிறந்ததுமே பிலிப்பைன்ஸின் கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும். பெரும்பாலும் ஹோசே மாரி சானின் குரல். 1990-ல் அவர் வெளியிட்ட கிறிஸ்துமஸ் இசைத்தொகுப்புக்கு அங்கே இன்னும் வயதாகவில்லை. இப்படி நான்கு மாதம் நீளும் பண்டிகையில், வளர்ந்தவர்கள் ஏங்குவது வாங்கிக்கொடுத்த பரிசுகளுக்காக அல்ல. சிறுவயதில் தங்கள் கையாலேயே செய்தவற்றுக்காக.

முதலில் ‘பாரோல்’ என்னும் நட்சத்திர விளக்கு. மூங்கிலைச் சிம்புகளாகப் பிளந்து, இரண்டு ஐந்துமுனை நட்சத்திரங்கள் கட்டி, நடுவே சிறு குச்சிகளை முட்டுக்கொடுத்து, மெல்லிய வண்ணத்தாள் ஒட்டுவார்கள். முனைகளில் காகிதக் குஞ்சம் தொங்கும். பள்ளியிலேயே இதைச் செய்துவரச் சொல்வது வழக்கம். பெரியவர்கள் மூங்கில் சீவ, பிள்ளைகள் பசையும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். பம்பாங்கா மாகாணத்தின் சான் பெர்னாண்டோவில் இதே கலை பிரம்மாண்டமாக வளர்ந்திருக்கிறது: ஏறத்தாழ 20 அடி உயர விளக்குகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான பல்புகள். இசைக்கேற்ப அவை எரிந்து அணைவதற்கு, கம்பிகள் இணைத்த பெரிய உருளைகளை ஆட்கள் கையால் சுழற்றி வந்தார்கள். அந்த உழைப்பைப் பார்த்தவர்களுக்குக் கணினி ஒளி சாதாரணமாகத்தான் தெரியும்.

வீடு வீடாகப் பாடப் போகும் சிறுவர்களுக்கு வாத்தியமும் சொந்தத் தயாரிப்புதான். சோடா பாட்டில் மூடிகளைக் கல்லால் தட்டையாக்கி, ஆணியால் துளையிட்டு, கம்பியில் கோத்தால் சலங்கை. காலி பால்டப்பா மேளம். பாடி முடித்துக் காசு கிடைத்தால் நன்றிப் பாட்டும் உண்டு. அவர்கள் பாடும் ‘ஆங் பாஸ்கோ ஆய் சுமாபிட்’ என்ற மெட்டு, 1933-ல் செபுவில் செபுவானோ மொழிப் பாடலாகப் பிறந்தது.

டிசம்பர் 16 முதல் 24 வரை ‘சிம்பாங் காபி’ என்னும் ஒன்பது திருப்பலிகள், பொழுது விடியுமுன். வெயில் ஏறுவதற்குள் வயலில் இறங்கவேண்டிய உழவர்களுக்காக ஸ்பானியர் காலத்தில் வேரூன்றிய வழக்கம் இது. ஒன்பது நாளும் தவறாமல் போனால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. தூக்கம் கலையாத பிள்ளைகளை எழுப்பியதென்னவோ கோயில் வாசலில் விற்கும் பலகாரம்தான். வாழையிலையில் அரிசிமாவை ஊற்றி, மேலும் கீழும் தணல் வைத்துச் சுடும் பிபிங்கா. நம் புட்டைப்போல மூங்கில் குழாயில் ஆவியில் வெந்து, வெண்ணெயும் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்ந்து வரும் ஊதா நிறப் புத்தோ பும்போங். இஞ்சிக் கஷாயமான சலாபாத்தின் சூடு வேறு.

24-ம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் ‘நோச்சே புவெனா’ விருந்து: பன்றி ஹாம், இனிப்பான ஸ்பகெட்டி, சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாலாடைக்கட்டி. மறுநாள் புத்தாடையோடு ஞானப்பெற்றோர் வீட்டுக்குப் போய், பெரியவர்களின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டால் காசு கிடைக்கும்.

இந்த ஏக்கத்தின் கனம், பிலிப்பினோக்கள் எங்கெல்லாம் வேலை செய்கிறார்கள் என்று நினைத்தால்தான் புரியும். 1974-ன் தொழிலாளர் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்பை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. அதன்பின் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் என்பது அம்மா அனுப்பும் ‘பாலிக்பாயன்’ பெட்டியாயிற்று. சாக்லேட், சோப்பு, டப்பா இறைச்சி, காலணி என்று மாதக்கணக்கில் சேர்த்து நிரப்பிய அட்டைப்பெட்டி அது. அன்பு நிறைந்ததுதான், ஆனால் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து மூங்கில் சீவ ஆளில்லை.

மணிலாவில் நள்ளிரவாகும்போது துபாயில் இரவு 8 மணிதான். அங்கே வேலை செய்யும் பலருக்கு நோச்சே புவெனா இரண்டு முறை வருகிறது: முதலில் செல்பேசித் திரையில் வீட்டு மேசையோடு, நான்கு மணி நேரம் கழித்து அறைத்தோழர்களோடு.