புதூர்நாடு மலையில் புது வீடு: அரசு தரும் 3.5 லட்சத்தில் கணக்கு எங்கே இடிக்கிறது?

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைமேல் இருக்கிறது புதூர்நாடு. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் இங்கே ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைத்தால், அறிவித்த தொகை 3.5 லட்சம் ரூபாய். கீழே, திருப்பத்தூர் டவுனை ஒட்டிய கிராமத்துக்கும் அதே 3.5 லட்சம்தான். ஆனால் செங்கல் இரண்டு ஊரிலும் ஒரே விலைக்கு வந்து இறங்காதே!

என்ன திட்டம் இது?

2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் கிராமப்புறங்களில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், முதல் ஆண்டில் 1 லட்சம் என்பது இலக்கு. வீட்டின் அளவு 360 சதுர அடி. இதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கட்டாயம். இதற்கு முன்பிருந்தே ஓடும் மத்திய அரசின் பிரதமர் வீடு திட்டத்தில், மாநில அரசு கூரைக்காகச் சேர்த்துத் தரும் பணத்தோடு 2.40 லட்சம் வரும்.

மலைக்கு என்று கூடுதல் பணம் கிடையாதா?

இங்கேதான் சிக்கல். பிரதமர் வீடு திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலை மாநிலங்களுக்கு 1.30 லட்சம் என்று இரண்டு ரேட் உண்டு. கவனிக்க: மலை 'மாநிலங்கள்'. இமாச்சலம், உத்தராகண்ட் மாதிரி. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. 'சிரமமான பகுதி' என்று ஓர் இடத்தை வகைப்படுத்தினால் கூடுதல் தொகை தரலாம் என்று விதி இருக்கிறது. அதை முன்னெடுக்க வேண்டியது மாநில அரசு. சரி, கிடைத்தாலும் வித்தியாசம் 10,000 ரூபாய்தான். லாரி வாடகைக்கே காணாது.

பழங்குடிகளுக்கான 'பிஎம் ஜன்மன்' திட்டம்? 2023 நவம்பரில் வந்த அந்தத் திட்டம் மிகவும் நலிவடைந்த பழங்குடிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு சமூகங்கள். ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளி பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் மலைவாசிகள்) இந்த ஆறில் வரமாட்டார்கள்.

செலவு எங்கே ஏறுகிறது?

எடையில். ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. 5,000 கல் என்று வைத்தாலே 15 டன். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, 100 மூட்டை என்றால் 5 டன். ஜல்லி, எம்-சாண்ட், கம்பி எல்லாம் தனி. இத்தனையும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரணும். தார் ரோடு முடிகிற இடத்தில் லாரி நின்றுவிட்டால், அங்கிருந்து டிராக்டர். அதுவும் போகாத குக்கிராமம் என்றால் தலைச்சுமை. ஒவ்வொரு முறை வண்டி மாறும்போதும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி.

பக்கத்துக் காட்டிலேயே கல்லும் மரமும் இருக்கிறதே என்று கேட்கலாம். காப்புக்காட்டில் கை வைத்தால் வனத்துறை வழக்கு. மூங்கிலும் மண்ணும் புல்லும் வைத்து அந்தந்தக் குடும்பமே கட்டிக்கொண்ட பழைய வீட்டுக்கு லாரியே தேவைப்படவில்லை. அந்த மண் சுவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. கான்கிரீட் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒவ்வொரு மழைக்கும் கூரை ஒழுகுவது அவர்கள் வீட்டில்தானே. ஆனால் வீடு கட்டத் தெரிந்த ஓர் ஊர், கொத்தனாருக்கும் சென்ட்ரிங் ஆளுக்கும் மலையடிவாரத்தைப் பார்த்துக் காத்திருக்கிறது என்பதும் உண்மை.

தண்ணீரும் ஒரு கணக்கு. மழை இல்லாத மாதங்களில்தான் வேலை ஓடும். அதே மாதங்களில்தான் கிணறும் ஊற்றும் வற்றும். கான்கிரீட் போட்டால் குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஈரம் காக்கணும். குடிக்கவே குடம் தூக்கும்போது கூரைக்கு யார் ஊற்றுவது?

பணம் எப்போது வரும்?

மொத்தமாக வராது. பேஸ்மட்டம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து, போட்டோ ஏறிய பிறகே தவணை வங்கிக் கணக்குக்கு வரும். அதாவது முதல் செலவு குடும்பத்தின் கையிலிருந்துதான். மானாவாரி சாமையை நம்பியிருக்கும் குடும்பத்திடம் அந்தக் கையிருப்பு இருக்காது. வட்டிக்கு வாங்கணும், இல்லை கேரளா, கர்நாடகா எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகணும். போனால், வேலையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. லிண்டல் வரை எழும்பி நிற்கும் சுவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

நிலத்துக்குப் பட்டா இல்லையென்றால்?

வன உரிமைச் சட்டம் 2006-இன்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருக்கும் பழங்குடிக் குடும்பம் உரிமை கோரலாம். அந்த உரிமையை விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். திருமணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் தரணும். நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் இது 2016 வரை முடங்கிக் கிடந்தது. அதனால் இப்போதும் மனு போட வேண்டியவர்கள் உண்டு.

மனு தொடங்குவதும், வீட்டுப் பட்டியலுக்கு ஒப்புதல் தருவதும் கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும். கையெழுத்து போட்டுவிட்டுக் கிளம்பாமல், பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பெயர் இருந்தால், சிமெண்ட்டும் கம்பியும் எந்த இடம் வரை வந்து இறங்கும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.