பூட்டிய போன், பாதி உரிமை

கல்பாக்கம் நகரியத்தை ஒட்டிய புதுப்பட்டினம் கடைத்தெருவில், மொபைல் பழுதுபார்க்கும் கடைகளுக்கு வரும் போன்களில் பல இன்னும் நன்றாகவே உழைக்கக்கூடியவை. டிஸ்பிளேயில் கீறல் இல்லை, பேட்டரியும் மாற்றியாயிற்று. கம்பெனிதான் அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. புதிது வாங்குவதா, கம்பெனி தந்ததற்குப் பதில் வேறொருவர் செய்த இயங்குதளத்தை, அதாவது கஸ்டம் ரோமை, ஏற்றி இன்னும் சில வருடம் ஓட்டுவதா?

சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து விடியுமுன் படகு இறக்குகிறவருக்குக் காற்று எச்சரிக்கை வர வேண்டும், கரையில் ஏலம் கேட்பவரோடு பேச வேண்டும், ஐஸுக்குப் பணம் அனுப்ப வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்ததும் இவ்வளவும் நடந்தாக வேண்டும். அதற்காக அவர் மென்பொருள் படிக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த நம்பகம்தான் முதல் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கஸ்டம் ரோம் வேண்டுமானால் முதலில் பூட்லோடரை, அதாவது போனில் எந்த இயங்குதளம் ஏறலாம் என்று காக்கும் பூட்டை, திறக்க வேண்டும். திறந்ததும் போனில் இருக்கும் படங்களும் எண்களும் மொத்தமாக அழிந்துவிடும். பிறகு லினேஜ்ஓஎஸ் போன்ற ஒன்றை ஏற்றினால் விளம்பரமும் வேண்டாத ஆப்புகளும் இல்லாத, சுறுசுறுப்பான போன் கையில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கைத் திரை வரும். சில வங்கி ஆப்புகள் திறக்க மறுக்கும். சில மாடல்களில் 4ஜி வழியாகப் பேச உதவும் வோல்ட்இ வேலை செய்யாது. 2ஜி, 3ஜி இல்லாத ஜியோ சிம்மில் அப்புறம் சாதாரண அழைப்புகூடப் போகாது. கேமராவும் பழைய தெளிவை இழக்கலாம்.

காரணம், ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறந்த மூலம்தான் என்றாலும் கேமராவையும் மோடத்தையும் இயக்கும் நிரல்கள் கம்பெனிகளின் பெட்டிக்குள் இருக்கின்றன. சம்பளமில்லாமல் ரோம் செய்பவர்கள் அவற்றைத் தடவித் தடவித்தான் பொருத்துகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் இதே கல்பாக்கத்தில் உண்டு. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலை, பிரான்ஸின் ராப்சோடி உலையின் வடிவமைப்பைத் தழுவியது. ராப்சோடி மின்சாரம் தயாரிக்கவில்லை; நம்மவர்கள் நீராவிக் கலனும் டர்பைனும் சேர்த்தார்கள். செறிவூட்டிய யுரேனியம் கிடைக்காமல் போனபோது எரிபொருளையே மாற்றி, புளூட்டோனியம் மிகுந்த கலப்புக் கார்பைடைத் தேர்ந்தார்கள். 1985 அக்டோபரில் உலை இயங்கத் தொடங்கியது. வடிவமைப்பின் உள்விவரமும், சோதித்துப் பார்க்கக் காலமும், படித்த ஆட்களும் இருந்ததால்தான் அந்தத் துணிச்சல் பலித்தது. போனை வாங்கியவர் கையில் இவற்றில் ஒன்றுமில்லை. விவரத்தைக் கொடுக்காமல், “நீயே மாற்றிக்கொள், கெட்டால் எங்கள் பொறுப்பில்லை” என்பதைச் சுதந்திரம் என்று நான் ஏற்க மாட்டேன்.

பூட்டைத் தளர்த்தும் முயற்சிகள் இங்கே நடக்காமல் இல்லை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தன் ஆப்புகளை மொத்தமாக ஏற்றும்படி போன் தயாரிப்பாளர்களை நிர்பந்தித்தது அதில் ஒரு குற்றச்சாட்டு. அடுத்த ஜனவரியில் சென்னை ஐஐடி வளர்த்த நிறுவனமொன்று, முன்கூட்டி ஏற்றிய ஆப் எதுவுமில்லாத ‘பார்ஓஎஸ்’ இயங்குதளத்தைக் காட்டியது. நல்ல முயற்சி, ஆனால் ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்குத்தான் அது முதலில் என்று சொல்லப்பட்டது. புதுப்பட்டினத்துக் கடைக்கு வரும் பழைய போனுக்கு அதனால் பயனில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் கிடைக்க விதி செய்திருக்கிறது. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022-லிருந்து பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. பேச்சு பெரும்பாலும் உதிரி பாகம், கையேடு, சர்வீஸ் சென்டர் என்ற அளவில் நிற்கிறது. மென்பொருளும் அதில் வர வேண்டும். அப்டேட் எந்தத் தேதியில் நிற்கும் என்பது பெட்டியின் மேலேயே அச்சாக வேண்டும். அந்தத் தேதி வந்ததும் பூட்லோடரைத் திறக்கும் வழியும், கேமரா, மோடம் நிரல்களும் வெளியே வர வேண்டும். முழு விலை கொடுத்து வாங்கியவர் இதைச் சலுகையாகக் கேட்கவில்லை.