அழுகலில் விளைந்த இனிமை

திராட்சை அழுகினால் தோட்டக்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவான். ஹங்கேரி நாட்டின் வடகிழக்கிலுள்ள டோக்காய் வட்டாரத்திலோ, இன்னும் அழுகவில்லையே என்றுதான் கவலை! இந்த விந்தையிலிருந்து பிறப்பதே ‘டோக்காயி அசூ’ என்னும் இனிப்பு ஒயின். மது அருந்தாத நண்பர்களும் இதன் கதையைப் படிக்கலாம். கதைக்குப் போதை இல்லை.

போட்ரோக், டிசா என்னும் இரு ஆறுகள் அங்கே கூடுகின்றன. இலையுதிர் காலத்தில் விடியற்காலையில் மூடுபனி கவிகிறது. அந்த ஈரத்தில் ‘பொட்ரைட்டிஸ்’ என்ற பூஞ்சை பழத்தோலைப் பற்றி நுண்ணிய துளைகளை இடுகிறது. பின்னர் அடிக்கும் வெயிலில் நீர் ஆவியாகிவிட, சர்க்கரையும் புளிப்பும் உள்ளே செறிகின்றன. மழை விடாது பெய்தாலோ, அதே பூஞ்சை குலை முழுவதையும் பாழாக்கிவிடும். ஆண்டுதோறும் இது ஒரு சூதாட்டந்தான்.

சுருங்கிய பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குவர். அவற்றை மசித்து, திராட்சைச் சாற்றிலோ ஒயினிலோ ஊறவைத்துப் பிழிந்து, மரப்பீப்பாயில் இட்டு நிலவறையில் வைப்பர். முற்காலத்தில், 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடைப் பழம் என்பதே இனிப்பின் அளவுகோல். கூடை ஒன்று ஏறத்தாழ 25 கிலோ. 2013-இல் விதி மாறிற்று. இப்போது லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரையேனும் இருந்தால்தான் ‘அசூ’ என்ற பெயர்.

சுவைப்பவர் சிறு கிண்ணத்தில், சற்றே குளிர்ச்சியாக எடுத்துக்கொள்வர். நிறம் பொன், வயது ஏற ஏறச் செம்பொன். மணத்தில் ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், தேன் ஆகியவை கலந்து வரும். நாவில் முதலில் தேனின் கனம்; உடனே கூர்மையான புளிப்பு எழுந்து அந்தத் திகட்டலைத் துடைத்துவிடும். பானகத்தில் எலுமிச்சை பிழிகிறோமே, அதே நியாயந்தான். அந்தப் புளிப்பைத் தருவது முக்கியமாக ஃபுர்மின்ட் என்னும் திராட்சை வகை. என்னைக் கேட்டால், இந்த ஒயினின் உயிர் இனிப்பில் இல்லை, இந்தப் புளிப்பில்தான் இருக்கிறது.

குவித்த பழங்கள் தம் பாரத்தாலேயே கசியவிடும் சாறு ‘எசென்சியா’. லிட்டருக்கு 450 கிராமுக்குக் குறையாத சர்க்கரை! அவ்வளவு இனிப்பில் ஈஸ்ட்டே திணறும். புளிக்க ஆண்டுகள் ஆகும். அதைக் கரண்டியில் ஊற்றிச் சுவைப்பதே வழக்கம்.

1737-இலேயே அரச ஆணையால் எல்லை வகுக்கப்பெற்ற வட்டாரம் இது. ஹங்கேரியின் தேசிய கீதத்திலும் டோக்காய்க் கொடிகளுக்கு இடமுண்டு. பெயரின் மதிப்பறிந்து பிறநாட்டாரும் அதை எடுத்தாண்டனர். பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்தார் தம் ஒயினொன்றுக்கு நெடுநாள் வழங்கிய ‘டோக்கே’ என்ற பெயரை 2007-இல் கைவிட நேர்ந்தது.