நிமோனியா ஸ்கோர் கேட்காத கேள்வி: ‘எத்தனை வருஷம் சுரங்கத்துல இருந்தீங்க?’

மாரிக்குப்பத்தில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு ஆபீஸுக்கு வந்துவிட்டீர்கள். மதியம் கேஜிஎஃப்பில் இருந்து அம்மா போன்: “அப்பாவுக்கு ரெண்டு நாளா இருமல். காய்ச்சல் இல்ல. ஆனா இன்னிக்கு ஏதோ குழப்பமா பேசுறாரு.”

வயதானவர்களுக்கு நிமோனியா பல நேரம் இப்படித்தான் வரும். காய்ச்சல் இல்லையே என்று இரண்டு நாள் பார்த்துவிடுகிறோம். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நாம் கேட்பது ஒன்றுதான்: “பிழைச்சுடுவாரா?” அதற்கு டாக்டர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது.

அது என்ன கணக்கு?

பெயர் ‘கர்ப்-65’. பிரிட்டன், நியூசிலாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் 1,068 நோயாளிகளை வைத்து உருவாக்கப்பட்டு 2003-ல் வெளியானது. ஐந்தே கேள்விகள். மனக்குழப்பம் இருக்கிறதா? ரத்த யூரியா 42 மில்லிகிராமுக்கு மேலா? நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குகிறாரா? ரத்த அழுத்தத்தில் மேல் எண் 90-க்குக் கீழே, அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்கும் குறைவா? வயது 65 ஆகிவிட்டதா? ஒவ்வொரு ‘ஆம்’-க்கும் ஒரு புள்ளி.

அந்த ஆய்வில் 0–1 புள்ளி எடுத்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் சுமார் 1.5%. 2 புள்ளி என்றால் சுமார் 9%. 3 அல்லது அதற்கு மேல் என்றால் சுமார் 22%. வீட்டுக்கு அனுப்பலாமா, வார்டா, ஐசியுவா என்று முடிவெடுக்க இது உதவும்.

இதில் ஒன்றை வீட்டிலேயே பார்க்கலாம். அப்பாவின் மார்பு ஏறி இறங்குவதை முழுசா ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். 30-ஐத் தொட்டால் காத்திருக்க வேண்டாம். குழப்பமாகப் பேசினாலும் அப்படித்தான்.

கேஜிஎஃப்பில் என்ன சிக்கல்?

கேள்விகளைத் திரும்பப் பாருங்கள். நுரையீரல் ஏற்கெனவே எப்படி இருந்தது என்று ஒரு கேள்விகூட இல்லை. 20 விஷயங்களைக் கேட்கும், 1997-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஸ்கோர் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கிறது. ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு அதிலும் புள்ளி கிடையாது.

கோலார் தங்கவயல் சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28. அன்று 45 வயதில் இருந்தவர் இன்று 70-ஐ ஒட்டி இருப்பார். பாறைத் தூளால் வரும் சிலிகோசிஸ் இங்கே 1940-களிலேயே பதிவான நோய். சுரங்கத்தை விட்டு வந்த பிறகும் அந்தத் தழும்பு வளரலாம், காசநோய் ஆபத்தையும் கூட்டும். ஸ்கோருக்கு இதெல்லாம் தெரியாது.

அப்போ கம்ப்யூட்டரிடம் நிறைய டேட்டா கொடுத்தால்? 1990-களில் அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். ‘ஆஸ்துமா இருந்தால் நிமோனியாவில் இறக்கும் வாய்ப்பு குறைவு’ என்று கற்றுக்கொண்டது கம்ப்யூட்டர்! காரணம் எளிது: ஆஸ்துமாக்காரர்களை நேராக ஐசியுவில் சேர்த்து நன்றாகக் கவனித்திருந்தார்கள், அதனால் பிழைத்தார்கள். ரிச் கருவானா குழு 2015-ல் 14,199 நோயாளிகளின் தரவில் இதை மீண்டும் காட்டியது. டேட்டா வேலை செய்பவளாக எனக்கு இது உறைத்த இடம்: அந்த எண்ணுக்குள் நோயாளி மட்டும் இல்லை, அவருக்குக் கிடைத்த ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

கேஜிஎஃப்பில் சுரங்க நிறுவனத்தின் பெரிய ஆஸ்பத்திரி, சுரங்கத்தோடு சேர்ந்து முடங்கிப்போனது. 2021 கொரோனா அலையில்தான் அதைச் சுத்தம் செய்து படுக்கை போட்டார்கள். பெங்களூரு சுமார் 100 கி.மீ. தூரம். அந்த 22% இங்கே அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எனவே டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எத்தனை வருஷம் நிலத்துக்கு அடியில் வேலை, டிபி மருந்து சாப்பிட்டதுண்டா, சாதாரண நாளில் ஆக்ஸிஜன் எவ்வளவு காட்டும். பழைய தழும்பா புது நிமோனியாவா என்று பிரித்துப் பார்க்க முந்தைய எக்ஸ்ரே உதவும். பீரோவில் இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.