எண்ணூர்க் கரையில் ஈர்ப்பளவு

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை, கண்டெய்னர் லாரிகள் ஏறி நிற்கும் எடைமேடைகள் பல உண்டு. மேடைக்கடியில் உள்ள உணரிகள் நேரடியாக அளப்பது சுமையின் நிறையை அன்று; புவி அச்சுமையை இழுக்கும் விசையையே. பாரிசில் அளவு திருத்திய மேடையை அப்படியே எண்ணூரில் நிறுவினால், 40 டன் லாரியை அது நூறு கிலோவுக்கு மேல் குறைத்துக் காட்டும். நிலநடுக்கோட்டை நெருங்குந்தோறும் ஈர்ப்பு தளர்கிறது. ஆகவேதான் மேடை நிற்கும் இடத்திலேயே எடைக்கற்களை ஏற்றிச் சரிபார்த்து முத்திரையிடுகின்றனர்.

இத்தளர்ச்சியை 1821இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் ஊசலால் அளந்தார். அவ்வூசல் ஹென்றி காட்டர் வகுத்த வகையினது. லாம்ப்டனின் நில அளவைப் பணியில் தென்னாட்டில் உழைத்தவர் காட்டர். பின்னர் இலண்டனில் அவர் அமைத்த மீள்ஊசலின் கத்திமுனைகள் இந்திய உருக்கால் ஆனவை. நொடிக்கு ஒருமுறை வீசும் ஊசல், இலண்டனில் இருப்பதைவிடச் சென்னையில் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் குறுகியிருக்க வேண்டும். அவ்வளவே வேறுபாடு. ஆனால் வெயிலில் உலோகம் நீளும், காற்று தாங்கும், முனை தேயும்; ஒவ்வொன்றையும் கணக்கிட்டுக் கழித்த பிறகே அம்மூன்று மில்லிமீட்டர் கைக்கு வரும். அப்பொறுமையை நான் பெரிதும் போற்றுகிறேன்.

இன்றைய கருவியில் தேயும் முனை இல்லை. வெற்றிடக் குழாயினுள் கண்ணாடிப் பட்டகம் ஒன்று தடையின்றி விழுகிறது. விழும் தொலைவைச் சீரொளியும் நேரத்தை அணுக்கடிகாரமும் அளக்கின்றன. ஈர்ப்பில் நூறு கோடியில் ஓரிரு பங்கு மாறினாலும் தெரிந்துவிடும். கருவியை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் ஈர்ப்பு மூன்று மைக்ரோகால் குறையும்; ஒரு மைக்ரோகால் என்பது ஈர்ப்பின் நூறு கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு. பட்டகத்துக்கு மாற்றாகக் குளிர்வித்த ரூபிடியம் அணுக்களையே விழச்செய்யும் கருவிகளும் வந்துவிட்டன.

இந்நுண்மை நமக்கு எதற்கு? எண்ணூருக்கு அப்பால் மீஞ்சூரில், மிகுதியாக நீர் இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து பல்லாண்டுகள் ஆகின்றன. நிலத்தடியில் பரந்து கிடக்கும் ஒரு மீட்டர் நீர்ப்படலம் தன் நிறையால் நாற்பது மைக்ரோகாலுக்குச் சற்று மேல் இழுக்கும். மணலின் துளைகள் ஐந்திலொரு பங்கு என்றால், நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது எட்டு மைக்ரோகால் குறையும். துளையிடாமலே இதை அறியலாம். உவர்நீரா நன்னீரா என்பதை மட்டும் ஈர்ப்பு தெளிவாகச் சொல்லாது. அதற்குக் கிணற்று நீரைச் சோதித்தே ஆகவேண்டும்.

இக்கரையில் அளப்பது எளிதன்று. லாரிகளின் அதிர்வும் அலைகளின் மோதலும் தரையை ஓயாது நடுக்குகின்றன. நிலவும் ஞாயிறும் ஈர்ப்பை நாள்தோறும் நூறு மைக்ரோகாலுக்கு மேல் ஏற்றி இறக்குகின்றன. ஞாயிறு, நிலவின் பங்கைக் கணித்து நீக்கிவிடலாம். அதிர்வை வெல்ல, போக்குவரத்து ஓய்ந்த பின்னிரவில், உறுதியான காரைத் தளத்தில், பட்டகத்தை நூற்றுக்கணக்கான முறை விழச்செய்து சராசரி காண வேண்டும். மீஞ்சூரில் அத்தகைய நிலையான தளம் ஒன்றை அமைத்து, கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் ஆண்டுதோறும் அளந்துவர வேண்டும்.