வசம்பு விதைக்கு, வேப்பிலை அரிசிக்கு

"அரிசி டப்பாவுல வேப்பிலை போட்டும் வண்டு போகலையே"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வேப்பிலை மேல தப்பு இல்லை, போட்ட நேரம்தான் பிரச்சனை.

அரிசி வண்டுக்கு நீளமான மூக்கு ஒண்ணு இருக்கும். பெண் வண்டு அதால அரிசியில துளை போட்டு, உள்ளே ஒரு முட்டை வச்சு, பசை மாதிரி ஒண்ணால அடைச்சிடும். புழு உள்ளேயே தின்னு வளர்ந்து, நம்ம ஊர் வெயிலுக்கு ஏறக்குறைய ஒரு மாசத்துல வண்டா வெளியே வரும். வெளியே தூவின பொடி அந்தப் புழுவைத் தொடவே தொடாது. புதுசா வர்ற வண்டை விரட்டத்தான் வேப்பிலையும் நொச்சியும். அதனால அரிசி வாங்கின அன்னைக்கே போடணும். இலையை நிழல்லதான் காய வைக்கணும். வேம்போட வீரியமான அசாடிராக்டின் வெயில் பட்டா சிதைஞ்சிடும். அந்தச் சத்து இலையைவிட வேப்பங்கொட்டையிலதான் அதிகம்.

வசம்பு வேற கதை. பேர் சொல்லா மருந்துன்னு பாட்டிங்க பயந்து பயந்து சொல்வாங்களே, அதேதான். விதைக்கு வழக்கமான அளவு, கிலோவுக்கு 10 கிராம் பொடி. இதுல இருக்கிற பீட்டா அசரோன் பூச்சியோட இனப்பெருக்கத்தையே கெடுக்கும். ஆனா எலிகள்ல புற்றுநோய் உண்டாக்கினதால, அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவுல சேர்க்கத் தடை போட்டுடுச்சு. என் கணக்கு சிம்பிள்: முளைக்கப் போறதுக்கு வசம்பு போடலாம், சமைக்கப் போறதுக்கு வேண்டாம்.

விதைன்னா எவ்வளவு முக்கியம்னு செங்கல்பட்டுப் பக்கம் போனா புரியும். அங்க சுக்கன்கொல்லை கிராமத்துல, சென்னையைச் சேர்ந்த சி.ஐ.கே.எஸ். அமைப்போட பண்ணையில பாரம்பரிய நெல் ரகங்களைக் காப்பாத்திட்டு வர்றாங்க. கடையில கிடைக்காத ஒரு ரகத்தோட முளைப்பகுதியைப் பூச்சி தின்னுட்டா, திரும்ப எங்க போய் வாங்குறது? சொர்ணவாரி அறுத்து எடுத்து வச்ச விதை, ஐப்பசி கார்த்திகை மழையைத் தாண்டணும். மாமல்லபுரம் பக்கம் கடல்காத்து ஈரம் வேற. நெல்லுல ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல போனா எந்தப் பொடியும் பெருசா உதவாது. பல்லுல கடிச்சா 'டக்'குனு உடையணும், அதுதான் ஊர்ல பார்க்கிற டெஸ்ட்.

பயறு வண்டு மட்டும் முட்டையைப் பயறோட தோல் மேல ஒட்டி வைக்கும். அதனாலதான் அங்க எண்ணெய் வேலை செய்யுது. கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெயைப் புரட்டி வச்சா முட்டை மூச்சுத் திணறிச் செத்துடும். துவரைக்குச் செம்மண் கட்டுற பழக்கமும் பூச்சியைத் தடுக்கத்தான்.

ஃபிளாட்ல இருக்கறவங்க அரிசியை ஒரு வாரம் ஃப்ரீசர்ல வச்சு எடுத்து, காத்துப் புகாத டப்பாவுல போடுங்க. உள்ளே இருக்கிற புழுவும் செத்துடும். வண்டு மாத்திரைன்னு யாராவது அலுமினியம் பாஸ்பைடு குடுத்தா மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும், அதுக்கு மாத்து மருந்தே கிடையாது.