கொடுமுடிக் கோகிலம்

“ஸார், இந்தப் பாட்டைப் பாடுவது ஆணா, பெண்ணா?”

இருங்காட்டுக்கோட்டையில், பெங்களூர்ச் சாலையோரத்து டீக்கடை ஒன்றில் ஒலித்த பாட்டைப் பற்றிய கேள்வி அது. கேட்டவள் என் வகுப்பு மாணவி. மோட்டார்த் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் வரிசையாக இரைந்து கொண்டு போயின. அந்த இரைச்சலையும் மீறி, பழம் கிடைக்காமல் கோபித்துக் கொண்டு போன முருகனை அழைக்கும் ஔவைப் பாட்டியின் குரல் கணீரென்று கேட்டது.

“பெண்தான், அம்மா! கே. பி. சுந்தராம்பாள்” என்றேன்.

“பெண்கள் இவ்வளவு உரக்கப் பாடலாமா, ஸார்?”

அந்தப் பெண் நன்றாகப் பாடுவாள். ஆனால் ஆண்டு விழாவில் மேடையேறச் சொன்னால், “வீட்டில் வேண்டாமென்கிறார்கள்” என்று தலை குனிந்து கொள்வாள். ஆகவே அவளுடைய கேள்வி என் மனத்தில் தைத்தது. அவளுக்குச் சொன்ன வரலாற்றையே நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

மேனாட்டில் ‘ஆபெரா’ என்று ஒரு கலை உண்டு. கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்துவார்கள். ருஷ்யாவில் அதற்குப் புகழ் பெற்றவர் அந்தோனினா நெழ்தானோவா. ஒடெஸ்ஸாவுக்கருகில் 1873-இல் பிறந்து, பள்ளி ஆசிரியையாக இருந்து, பின்னர் மாஸ்கோ ஸங்கீதக் கல்லூரியில் பயின்றவர். 1902-இல் பல்ஷாய் தியேட்டரில் சேர்ந்தார். வார்த்தையே இல்லாத ஒரு கீதத்தை ராஹ்மானினாப் என்னும் மேதை அவருக்குச் சமர்ப்பித்திருக்கிறார். அவருக்குக் கல்லூரியும் இருந்தது. சர்க்கார் அரங்கமும் இருந்தது. நம் சுந்தராம்பாளுக்கு இருந்தது என்ன? ஒரு ரெயில் வண்டி!

1908 அக்டோபரில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுமியாக ரெயிலில் பாடிக் காசு பெற்று வந்தவரின் சாரீரத்தைக் கேட்டு வியந்தவர், ரெயில்வே உத்தியோகஸ்தரும் நாடகப் பிரியருமான எப். ஜி. நடேச ஐயர். அவர் மூலமாக வேலு நாயர் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. அதுதான் அவருடைய கல்லூரி!

நமது ஸங்கீத நாடகமும் ஆபெராவுக்கு ஒரு வகையில் சகோதரிதான். ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆர்மோனியத்துக்கு மேல் குரல் எழும்பிக் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் விழவேண்டும். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்றால் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஓரிரவுக்கு மட்டும் ஒன்று கூடி, விடியும் வரை பாட்டிலேயே போட்டியிடுவார்கள். அப்படித் தேறிய குரலை எந்த பஸ் இரைச்சல் என்ன செய்யும்?

இலங்கையில் 1926-இல், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் நடிக்கும் வாய்ப்பு வந்தது. அந்தக் கந்தர்வ கானத்துக்கு ஈடு கொடுக்க முடியுமா என்று பலரும் ஐயுற்றார்கள். முடிந்தது! மேடைப் போட்டி காதலாகி, 1927-இல் மணமாயிற்று. கிட்டப்பா முன்பே மணமானவர், ஜாதியும் வேறு. ஊர் பேசாமல் இருக்குமா? அந்த இல்வாழ்க்கையில் பிரிவும் துயரமும் நிறைந்திருந்தன. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்துதான்.

கைம்பெண்ணை மூலையில் உட்கார வைத்த காலம் அது. அவர் வெள்ளைக் கதராடை உடுத்தார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். ஆனால் வாயை மூடிக் கொள்ளவில்லை! 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக, ஆண் வேஷத்திலேயே தோன்றினார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். ரெயிலில் காசு பெற்ற சிறுமி, தன் நிபந்தனையைத் தானே விதிக்கும் நிலையை அடைந்து விட்டார்.

அந்தக் குரல் தேசத்துக்கும் உரியதாயிற்று. ஸத்தியமூர்த்தி அவர்களின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். காந்தியடிகள் கொடுமுடியில் அவர் இல்லத்துக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவளித்தார் என்றும், மகாத்மா விளையாட்டாகக் கேட்டதும் அந்தத் தட்டையே நிதிக்குக் கொடுத்து விட்டார் என்றும் சொல்வார்கள். 1951-இல் சென்னை மேல்சபை அங்கத்தினரானார்.

பின்னர் 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’, 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள், 1965-இல் ‘திருவிளையாடல்’ ஆகியவை வந்தன. ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காகத் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 1980-இல் மறைந்தார்.

துக்கம் வந்தபோது அவர் துறந்தவை பட்டும் நகையும், பாட்டையல்ல. உரக்கப் பாடுவது பெண்மைக்குக் குறைவென்றால், அந்த வெள்ளைக் கதருக்கு முன் தமிழகம் ஏன் கைகூப்பி நின்றது?

இவ்வளவையும் கேட்ட மாணவி ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்து, “பாட்டியிடம் சொன்னேன், ஸார். அந்தப் பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னாள். அப்பாவும் கேட்டுக் கொண்டிருந்தார்” என்றாள்.

அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆண்டு விழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.